அரணும் மனையும்: பிச்சூ மட்சுயாமா கோட்டை

ஜப்பானியக் கோட்டைகளை அவை அமைந்த நிலத்தைக் கொண்டு மூவகையாகப் பகுப்பர். மலைமீது அமைந்தது யாமாஜிரோ. சமவெளியில் எழும் குன்றின்மீது அமைந்தது ஹிராயாமாஜிரோ. சமவெளியிலேயே அமைந்தது ஹிராஜிரோ. கோட்டையைக் குறிக்கும் ஷிரோ என்னும் சொல்லே தொகையின் இறுதியில் ஜிரோ எனத் திரிகிறது. யாமாஜிரோவை மலைக்கோட்டை எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அப்பெயர்ப்பில் விடுபடுவது யாது என்பதை, ஒகயாமா மாநிலத்துத் தகஹாஷி நகரிலுள்ள பிச்சூ மட்சுயாமா கோட்டையைக் காண்போர் உணர்வர்.

'படுத்திருக்கும் மாடு' எனப் பொருள்படும் பெயருடைய ககியூ மலையில் 1240ஆம் ஆண்டில் அகிபா ஷிகெனோபு முதல் அரணை எழுப்பினார். இன்றுள்ள தலைமைக் கோபுரம் மிசுனோயா கட்சுமுனே காலத்தில், 1683இல் நிறைவெய்தியது. ஜப்பானில் பழைய கட்டடமாகவே எஞ்சியுள்ள 12 தலைமைக் கோபுரங்களுள் மிக உயர்ந்த இடத்தில், ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில், நிற்பது இதுவே.

வாகனம் செல்லும் எல்லையிலிருந்து சுமார் 20 நிமிடம் மலைவழியில் ஏறிச் செல்வோர் மேலே காண்பது இரண்டே நிலைகள் கொண்ட சிறிய கோபுரம். அதனுள் கல்லால் அமைந்த நீண்ட அடுப்புக்குழியும், முற்றுகைக் காலத்தில் தலைவன் குடும்பத்தார் தங்குவதற்கான அறையும் உள்ளன. இவை இடர்க்காலத்துக்கு உரியவை. அன்றாட வாழ்வும் ஆட்சியும் மலையடியிலிருந்த ஒநெகொயா என்னும் மாளிகையில் நிகழ்ந்தன. 'நெ' என்பது வேர், அடி எனப் பொருள்படும். 'கொயா' என்பது குடில். முன்னுள்ள 'ஒ' மதிப்பு முன்னொட்டு. மலையின் வேரில் அமைந்த குடில் என்பதே அப்பெயரின் பொருள்.

தமிழில் அரண்மனை என்னும் தொகை அரணையும் மனையையும் ஒன்றாகப் பிணைக்கிறது. இங்கோ அவை இரண்டும் மலையுச்சிக்கும் அடிவாரத்துக்குமாகப் பிரிந்து நின்றன. எனவே இக்கோட்டையை அரண்மனை என்று பெயர்த்தால் மலைமேல் இல்லாத வாழ்வை அங்கே ஏற்றியவராவோம். மலைக்கோட்டை என்று மட்டும் நிறுத்தினால் கீழிருந்த ஆட்சியை மறந்தவராவோம்.

மெய்ஜி அரசு 1873இல் கோட்டைகளைக் கைவிட ஆணையிட்டபின் இரண்டின் முடிவும் வேறாயிற்று. கீழிருந்த மாளிகை மறைந்தது; அவ்விடத்தில் இன்று பள்ளி இயங்குகிறது. மேலிருந்த கோபுரம் பேணுவாரின்றிச் சிதைந்தும் இடிபடாது நின்றது. 1940இல் அதன் சீரமைப்பு நிறைவுற்றது. மனைக்குத் தடையாயிருந்த உயரமே அரணைக் காத்தது எனலாம். எஞ்சியதை மட்டும் கண்டு பெயரிடும் மொழிபெயர்ப்பாளர், மறைந்த பாதிக்கும் ஒரு சொல்லை ஒதுக்குதல் வேண்டும்.