பட்டியலிலிருந்து பொறுப்புக்கு: சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்புச் சட்ட வரலாறு

ஒரு சட்டம் யாரைக் கடமைப்படுத்துகிறது என்பதை அதன் எழுவாய்களே காட்டும். சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டங்களை இந்நோக்கில் காண்போம்.

1973ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 'தொழிற்சாலை' எனத் தான் வரையறுத்த இடங்களுக்கே பொருந்தியது. கட்டுமானத் தளமும் கப்பல் பட்டறையும் அவ்வரையறைக்குள் அடங்கின. மருத்துவமனையும் உணவகமும் அடங்கவில்லை. இயந்திரத்திற்குத் தடுப்பு, பாரந்தூக்கிக்குச் சோதனை எனச் செய்ய வேண்டியவற்றை அது வரிசைப்படுத்தியது. பட்டியலை நிறைவேற்றியவர் தம் கடமை முடிந்ததென எண்ண இடமிருந்தது. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். அதன் பின்னரும் சட்டத்தின் அடிப்படை மாறவில்லை.

2004இல் ஆறு வாரங்களுக்குள் மூன்று பேரிடர்கள் நேர்ந்தன. ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நால்வரும், ஏப்ரல் 29 அன்று ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் இருவரும், மே 29 அன்று கெப்பல் கப்பல் பட்டறைத் தீயில் எழுவரும் உயிரிழந்தனர். சீர்திருத்தம் தவிர்க்க இயலாததாயிற்று.

2006 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் எழுவாய்களை விரித்தது. முதலாளி, இடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், இயந்திரம் செய்பவர், அதனை வழங்குபவர், தொழிலாளி என ஒவ்வொருவர்க்கும் கடமை வகுத்தது. வேலைக்கு முன்பே இடர்களை மதிப்பிடுதல் கட்டாயமாயிற்று. விபத்து நேராவிடினும் கடமை தவறுதல் குற்றமாகும். முதன்முறை தவறும் நிறுவனத்திற்கு 500,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 2011 செப்டம்பர் முதல் இச்சட்டம் எல்லா வேலையிடங்களையும் தழுவியது.

இச்சட்டத்தின் உயிர், 'நியாயமான அளவில் இயன்றவரை' என்னும் தொடரில் உள்ளது. மேலோட்டமாக நோக்கின் இது முதலாளிக்குச் சலுகை போலத் தோன்றும். ஆயின், அதற்குமேல் செய்ய இயலவில்லை என மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும்.

2004இல் நூறாயிரம் ஊழியர்க்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2018இல் 1.2 ஆகக் குறைந்தது. எனினும் 2022இல் 46 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் அரசு உயர்விழிப்புக் காலத்தை அறிவித்தது. கடும் விபத்து நேர்ந்த நிறுவனம் புதிய வெளிநாட்டு ஊழியர்களை அமர்த்துவதற்குத் தடை பெறலாம் என்றும், அதன் தலைமை நிர்வாகியே பொறுப்பேற்க வேண்டும் என்றும் கூறியது. சட்டம் நூலில் இருந்தால் போதாது. அமலாக்கம் மேல்மட்டத்தையும் தொட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. கட்டுமானத் தொழிலாளர் பலர் பாதுகாப்புப் பாடங்களைத் தமிழிலேயே கற்கின்றனர். 'சாரம் சரிபார்க்கப்பட வேண்டும்' என்னும் செயப்பாட்டு வாக்கியத்தில் செய்பவர் மறைந்துவிடுகிறார். 'சாரத்தின்மேல் ஏறுமுன் மேற்பார்வையாளர் அதனைச் சரிபார்க்க வேண்டும்' என எழுதினால் பொறுப்புத் துலங்கும். சட்டம் வருந்திக் கண்டடைந்த எழுவாயை நம் மொழிபெயர்ப்பு இழந்துவிடலாகாது.