ஆறு காசு அரசு, நாலு காசு ஊரு

நம்ம ஊர்ப் பக்கம் பழைய பள்ளிக்கூடங்களோட பெயர்ப் பலகையைக் கவனிச்சிருப்பீங்க. பேருக்குக் கீழேயோ பக்கத்துலயோ அடைப்புக்குறிக்குள்ள "அரசு உதவி பெறும் பள்ளி"ன்னு எழுதியிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் போறோம், வர்றோம். யாரும் நின்னு படிக்கிறதில்ல. அந்த அடைப்புக்குறிக்குள்ள 170 வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

கதையோட மையம் ஒரே ஒரு கேள்வி. அரசு காசு கொடுக்க வரும்போதெல்லாம் ஜனங்களைப் பார்த்து, "சரி, உன் பங்கு எவ்வளவு?"ன்னு கேட்டிருக்கு. கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிஞ்சவனுக்கு மானியம் போச்சு, முடியாதவன் வெளியிலேயே நின்னான். கொடுத்த தொகையை விட, போட்ட கண்டிஷன்தான் வரலாற்றைத் தீர்மானிச்சுது. (பொட்டி தட்டுற நமக்கு இது புதுசா என்ன? ஒரு 'இஃப்' தப்பா இருந்தா, உள்ள எவ்வளவு நல்ல கோட் எழுதினாலும் அது ஓடவே ஓடாதே!)

முதல்ல 'மானியம்'ங்கிற வார்த்தை. இன்னிக்கு கேஸ் மானியம், உர மானியம்னு சொல்றோம். பழைய அர்த்தம் வேற. கோயிலுக்கும், மடத்துக்கும், ஊர் ஊழியம் பார்த்தவங்களுக்கும் வரி இல்லாமலோ குறைஞ்ச வரிக்கோ விட்ட நிலம்தான் மானியம். ஒரு தடவை கொடுத்தா தலைமுறை தலைமுறையா வரும். வருஷா வருஷம் விண்ணப்பம் போட வேண்டாம்.

பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் திண்ணையில் நடந்தது. பிள்ளைகளோட வீட்டுக்காரங்க கொடுக்கிற காசையும் நெல்லையும் வெச்சு வாத்தியார் காலம் தள்ளினார். மதராஸ் கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ 1822ல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டு, 1826ல் முடிவை எழுதினார். மாகாணத்தில் சுமார் 12,500 பள்ளிகள், ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிங்கிற கணக்கு. கம்பெனி அரசோ 1813 சாசனச் சட்டப்படி மொத்த இந்தியாவுக்கும் சேர்த்துக் கல்விக்கு ஒதுக்க ஒத்துக்கிட்டது வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்!

அடுத்து 1854. சார்லஸ் உட் அனுப்பின கல்வி அறிக்கை. நம்ம பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியா வருமே, அதேதான். ஒவ்வொரு மாகாணத்துக்கும் கல்வித்துறை வந்ததும், 1857ல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் வந்ததும் இதனாலதான். அதே அறிக்கையில்தான் உதவி மானிய முறையும் இருக்கு. எல்லா ஊர்லயும் அரசே பள்ளி கட்ட முடியாது, அதனால தனியார் நடத்தட்டும், நாம கொஞ்சம் கைகொடுப்போம்னு ஏற்பாடு.

கண்டிஷன்களைப் பாருங்க. நிர்வாகம் ஒழுங்கா இருக்கணும். அரசு இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க அனுமதிக்கணும். அப்புறம், ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தவிர மத்த எந்தப் பள்ளியா இருந்தாலும், கொஞ்சமாவது பிள்ளைங்க கிட்ட ஃபீஸ் வாங்கணும். சும்மா கிடைக்கிற படிப்புக்கு மரியாதை இருக்காதுங்கிறது அவங்க வாதம். அதாவது, இலவசமா சொல்லிக் கொடுத்தா மானியம் கிடைக்காது! காசு கொடுக்கிறவன் பிள்ளை படிக்கிற பள்ளிக்குத்தான் அரசுக் காசும் வரும். யாருக்கு ரொம்பத் தேவையோ அவனைக் கதவிலேயே நிறுத்தின முதல் 'இஃப்' இது.

ரெண்டாவது, தேர்ச்சிக்கு ஏத்த மானியம். இங்கிலாந்தில் 1862ல் கொண்டு வந்த முறை, அந்தப் பத்தாண்டிலேயே மதராசுக்கும் வந்துடுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு வாசிப்பு, எழுத்து, கணக்குன்னு சோதிப்பார். எத்தனை பேர் எதுல பாஸோ அதுக்கேத்த மாதிரி பள்ளிக்குப் பணம். திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் பல பேர் அரசுக் கணக்குக்குள்ள வந்தது இந்த வழியாத்தான், அந்த வகையில் நல்லதுதான். ஆனா வாத்தியார் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அவரோட அரிசியே பிள்ளைங்க பாஸ் ஆகுறதுல இருக்கு. அறுப்புக்குப் போயிட்டு வாரத்துல ரெண்டு நாள் வர்ற பையனை அவர் எப்படிப் பார்ப்பார்? ரிசல்ட்டுக்காக பத்தாம் வகுப்புக்கு முன்னாடியே பசங்களைக் கழட்டி விடுற இன்னிக்குப் பள்ளிகளைத் திட்டுறோமே, அந்த வியாதிக்கு வயசு அதிகம். கடைசியில 1904ல் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொல்லிடுச்சு.

சரி, இந்த மானியமெல்லாம் யாருக்குப் போச்சு? மிஷனரிகள் முன்வரிசையில் நின்னாங்க. அவங்க கிட்ட கட்டடம் இருந்தது, கணக்கு எழுத ஆள் இருந்தது, இன்ஸ்பெக்டரோட இங்கிலீஷில் பேச முடிஞ்சுது. அடுத்து, தனக்குன்னு பொது நிதி வெச்சிருந்த சமூகங்கள். விருதுநகர் நாடார் வணிகர்களோட மகமை நல்ல உதாரணம். வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கைப் பொதுவுக்குன்னு எடுத்து வைக்கிறது அது. அந்தக் காசுல, வீட்டுக்கு வீடு எடுத்து வெச்ச பிடி அரிசியில 19ஆம் நூற்றாண்டோட கடைசியில் சத்திரிய வித்யாசாலா எழும்புச்சு. அங்க படிச்ச ஒரு பையன் பேரு காமராஜ். அவர்கிட்ட அப்புறம் வருவோம்.

பிடி அரிசி கூட எடுத்து வைக்க முடியாத ஜனங்க? சேரியில் இருந்தவங்க கிட்ட ஃபீஸும் இல்ல, மகமையும் இல்ல. கிராமத்துப் பள்ளித் திண்ணையில் ஏறவும் விடல. இங்கதான் 1893 முக்கியமான வருஷம். பஞ்சமர்னு அப்போ அரசு குறிப்பிட்ட மக்களோட கல்விக்காக மதராஸ் அரசு தனியா ஒரு ஆணை போட்டது. பெரிய சேரிகளில் தனிப் பள்ளி, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சிக்குப் போற பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை. "உன் பங்கு எவ்வளவு?"ங்கிற கேள்வியை இவங்க கிட்ட கேட்டா அர்த்தமில்லைன்னு அரசு முதல் தடவையா ஒத்துக்கிட்ட இடம் இதுன்னு நான் சொல்லுவேன். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினதும் அதே 1893லதான். அடுத்த வருஷம் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியை ஆரம்பிச்சார். பேருலயே 'இலவச'! நாப்பது வருஷம் முன்னாடி உட் அறிக்கை கூடாதுன்னு சொன்ன அதே விஷயம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1920ல் மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி போடலாம், அரசும் தன் பங்குக்கு மானியம் தரும், அதுக்குன்னு தனியா தொடக்கக் கல்வி நிதி. அதே வருஷம் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஏற்பாடு செஞ்சார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு தீர்மானம். அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கும் போச்சு. ஆனா 1925ல் நின்னுடுச்சு. காரணம்? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு பண்ண அரசு அனுமதி இல்ல. காசு இருந்தது, பிள்ளைங்க வந்தாங்க, சமைக்க ஆள் இருந்தாங்க. அந்த நிதியோட தலைப்புல 'சோறு'ங்கிற வார்த்தை மட்டும் இல்ல. அவ்வளவுதான்.

மருத்துவத்திலயும் இதே கதை. 1920களின் நடுவில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், கிராமத்துல போய்த் தங்குற டாக்டருக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுக்கிற திட்டம் வந்தது. முழுச் சம்பளம் கிடையாது. மிச்சத்தை அவர் ஊரில் வைத்தியம் பார்த்துச் சம்பாதிச்சுக்கணும். நல்ல யோசனைதான், மத்த மாகாணங்களும் திரும்பிப் பார்த்தாங்க. ஆனா மிச்சத்தைச் சம்பாதிக்கணும்னா, ஃபீஸ் கொடுக்கிற நோயாளி இருக்கிற ஊரா இருக்கணுமே! நாலு மிராசுதார், ரெண்டு கடைவீதி இருக்கிற ஊர்ல டாக்டர் தங்குவார். பொட்டல்காட்டுல யார் தங்குவா?

இப்போ விருதுநகர்ப் பையன். 1956ல் காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். மதிய உணவு முதல்ல ஊர்க்காரங்க நன்கொடையில்தான் தொடங்குச்சு. பிறகு அரசு மானியம் சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசுன்னு கணக்கு. அதுல ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். (1957 ஏப்ரல்லதான் நயா பைசா வந்தது. அணாக் கணக்கு மாறாத மக்களுக்கு இது ஒரு தனித் தலைவலியா இருந்திருக்கும் :-)) 1958ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினாங்க. ஒருத்தர் பெஞ்சு, ஒருத்தர் கடிகாரம், ஒருத்தர் நிலம்னு ஜனங்க கொடுத்தாங்க.

மகமையிலும் பிடி அரிசியிலும் படிச்சவர் "ஊரும் கை போடட்டும்"னு நெனச்சதுல ஆச்சரியமே இல்ல. அந்த நாலு காசைக் குறைச்சுப் பேச எனக்கு மனசில்ல. அது வெறும் நாலு காசு இல்ல, "இது நம்ம பள்ளிக்கூடம்"ங்கிற உரிமை. வாத்தியார் லேட்டா வந்தா கேள்வி கேக்குற தைரியம் அந்த நாலு காசுலதான் இருந்தது. ஆனா அதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மழை பொய்ச்ச வருஷம் அந்த நாலு காசு எங்கிருந்து வரும்? பஞ்சத்துல பிள்ளைக்குச் சோறு ரொம்பத் தேவை, அப்பத்தான் ஊர்ப் பங்கும் நிக்கும். 1961ல் இருந்து அமெரிக்காவோட கேர் நிறுவனம் உணவுப் பொருள் கொடுத்து ஓரளவு கை தூக்கிவிட்டது.

1982 ஜூலை 1, திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசியல் மேடையில் இதைப் பத்திப் பேசாத ஆளில்ல. ஆனா எனக்குப் பெரிசாத் தெரியறது ஒரு சின்ன விஷயம். ஊர்ப் பங்குங்கிற கண்டிஷன் போச்சு. நாலு காசையும் அரசே போட்டுது. வசூலாகாத ஊர்லயும் இனி உலை கொதிக்கும். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைச்ச உணவு போடணும்னு உத்தரவு போட்டுது. 1925ல் கல்விச் செலவே இல்லைன்னு தள்ளப்பட்ட சோறு, 2001ல் பிள்ளையோட உரிமை. நடுவுல 76 வருஷம்.

அதோட அந்தப் பழைய கேள்வி செத்துப் போச்சான்னா, இல்ல. 1997ல் வந்த 'நமக்கு நாமே' திட்டம் அதையேதான் கேட்டுது. பள்ளிக்கு ஒரு வகுப்பறை, தெருவுக்கு ஒரு சமுதாயக் கூடம், சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டடம், எது வேணும்னாலும் ஜனங்க ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடும். 2011ல் 'தன்னிறைவுத் திட்டம்'னு பேர் மாறி, 2021ல் பழைய பேரிலேயே திரும்பி வந்தது. பொதுவா மூணுல ஒரு பங்கு ஊர் போடணும். ஆனா ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். 2022ல் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'யும், முன்னாள் மாணவர்களையும் கம்பெனிகளையும் கை போடச் சொல்லுது.

அந்த 'மூணுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு' வித்தியாசத்தைப் பார்த்தப்போ எனக்கு 1893தான் ஞாபகம் வந்தது. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டா சமம் ஆகிடாதுங்கிற புத்தி அரசு விதியில் உக்கார்ந்திருக்கு. அதுவும் போதுமா? அஞ்சுல ஒண்ணும் இல்லாத தெரு இருக்கத்தானே செய்யுது. அந்தத் தெரு விண்ணப்பமே போடாது. விண்ணப்பம் போடாத தெரு எந்தப் புள்ளிவிவரத்திலயும் வராது. "யாருமே கேக்கலையே"ன்னு ஃபைலை மூடிடலாம்.

என் கட்சி இதுதான். கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் ஊர்ப் பங்கு கேளுங்க, தப்பில்ல, உரிமையும் வரும். சோத்துக்கும் மருந்துக்கும் எழுத்துக்கும் கேக்காதீங்க. உட் அறிக்கையிலிருந்து சத்துணவு வரைக்கும் வரலாறு காட்டுறது அந்தக் கோட்டைத்தான்.

உங்க ஊர்ப் பழைய பள்ளியில் நன்கொடைக் கல்வெட்டு ஏதாவது இருந்தா அடுத்த தடவை நின்னு படிச்சுப் பாருங்க. யார் பேரெல்லாம் இருக்கு, எந்தத் தெருக்காரங்க பேரு இல்லைன்னும் பாருங்க. 1950கள்ல பள்ளிச் சாப்பாட்டுக்கு நாலு காசு வசூல் பண்ணின, இல்ல கொடுத்த தாத்தா பாட்டி யாராவது வீட்டுல இருந்தா, கேட்டு எழுதுங்க மக்களே. புத்தகத்துல ஆறு காசுக்குக் கணக்கு இருக்கு. அந்த நாலு காசோட கதை அவங்க கிட்டதான் இருக்கு.