யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் மேலாண்மை

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் மேலாண்மை என்பது, வற்றாத ஆறு எதுவும் இல்லாத அந்நிலப்பகுதியில், மழையால் ஊறும் அளவை மீறாமல் நீரை இறைத்து, அதன் தரத்தையும் காக்கும் நடைமுறைகளின் தொகுப்பாகும்.

இங்குள்ள முதன்மை நீர்தாங்கி, அதாவது நீரைத் தேக்கிக் கடத்தும் பாறைப்படுகை, மயோசீன் காலச் சுண்ணக்கல்லால் ஆனது. வடகீழ்ப் பருவமழை நீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கைபன்–எர்ட்சுபெர்க் விதியாதலால், கிணற்று நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உவர்நீர் பன்மடங்கு மேலேறக்கூடும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் கொண்ட நிலாவரைக் கிணறு இவ்வடுக்கமைவை நேரில் காட்டுகிறது.

துலா என்னும் ஏற்றத்தை மிதித்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைத்த காலத்தில் ஆள்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் அவ்வெல்லை அகன்றது. நீரின் தரத்தைப் பொறுத்தவரை, செம்மண் மெல்லியதாகவும் பாறை வெடிப்புமிக்கதாகவும் இருப்பதால், உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் கசியும் நைத்திரேற்று விரைவில் கிணற்றை அடைகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல கிணறுகள் தாண்டியுள்ளன.

குளங்களைத் தூர்வாரி மழைநீரை உட்செலுத்துதல், கிணறுகளுக்கு ஊறும் இடைவெளி விட்டு இறைத்தல், உர அளவைக் குறைத்தல் ஆகியவை இந்நீரைக் காக்கும் முதன்மை வழிகளாகும். தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளால் கடல்நீரை விலக்கி உள்நாட்டுக் கடனீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை.