பிரதமர் பதவிக்கு முன்னிறுத்தப்பட்ட பாபு ஜகஜீவன்ராம்

தாழ்த்தப்பட்ட சமூகத்தில் தோன்றிய ஒருவரைப் பிரதமர் வேட்பாளராக அறிவித்து ஜனதா கட்சி பொதுத்தேர்தலைச் சந்தித்தது 1980 ஜனவரியில் ஆகும். அவ்வேட்பாளரின் பெயரை நம் இளைஞர் அறிவர். அவ்வாய்ப்பு அவரிடம் எந்நிலையில் வந்து சேர்ந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

பீகாரில் ஆராவை அடுத்த சந்த்வாவில் 1908 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தவர் பாபு ஜகஜீவன்ராம். பள்ளியில் நம்மவர்க்கெனத் தனியே வைத்த தண்ணீர்ப் பானையை அவர் உடைத்தார்; மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். 1946-இல் இடைக்கால அரசின் தொழிலாளர் அமைச்சர். 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சர்.

நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை 1975-இல் மக்களவையில் முன்மொழிந்தவரும் அவரே. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1977 பிப்ரவரி 2 அன்று அவர் காங்கிரசைவிட்டு வெளியேறியபோது ஆளுங்கட்சி ஆட்டங்கண்டது. தேர்தலில் ஜனதா வென்றது. பிரதமர் பதவியோ சரண்சிங்கின் ஆதரவு பெற்ற மொரார்ஜி தேசாய்க்குச் சென்றது.

1979 ஜூலையில் மொரார்ஜி பதவி விலகினார். அம்மாதம் 28-இல் சரண்சிங் பிரதமரானார். மக்களவையை ஒருநாளும் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-இல் அவரும் விலகினார். அப்பொழுது ஜனதாவின் தலைவராயிருந்த ஜகஜீவன்ராம் ஆட்சியமைக்க வாய்ப்புக் கேட்டார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவரை அழைத்தாரில்லை. 22-இல் மக்களவையைக் கலைத்துவிட்டார். அவையில் நம்பிக்கை கோராத ஒருவரின் பரிந்துரைக்கு இருந்த மதிப்பு, நம்பிக்கை கோர முன்வந்தவரின் வேண்டுகோளுக்கு இல்லாமற் போனது எவ்வாறு என்று நாம் வினவுகிறோம்.

வெற்றிக் காலத்தில் தரப்படாத தலைமை, கட்சி சிதறிய பின்னரே அவர்க்குத் தரப்பட்டது. 1980-இல் ஜனதா பெற்ற இடங்கள் 31. இந்திரா காங்கிரஸ் பெற்றவை 353. இத்தோல்விக்குச் சாதி ஒன்றே காரணம் என்று நாம் கூறோம். உட்கட்சிப் பூசலால் மக்கள் சலித்திருந்தனர். வெங்காய விலையும் தேர்தல் மேடைக்கு வந்திருந்தது. சசராம் தனித்தொகுதி மட்டும் அவரைக் கைவிடவில்லை. 1986 ஜூலை 6-இல் மறையும் வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார்.

குடியரசுத் தலைவர் பதவியின் கதை வேறு. 1997-இல் கே.ஆர்.நாராயணன், டி.என்.சேஷனை எதிர்த்து ஏறத்தாழ 95 விழுக்காடு வாக்கு மதிப்புடன் வென்றார். 2017-இல் ராம்நாத் கோவிந்தும் ஜகஜீவன்ராமின் மகள் மீராகுமாரும் எதிரெதிரே நின்றனர். இருவருமே நம் மக்கள். 65.65 விழுக்காடு பெற்றுக் கோவிந்த் வென்றார். அப்பதவிக்கு வாக்களிப்போர் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே. ஆட்சியதிகாரமோ பிரதமரின் அமைச்சரவையிடம் உள்ளது. அவ்விருக்கையில் நம்மவர் எவரும் இந்நாள்வரை அமர்ந்ததில்லை.