அம்பு தைத்த பிறகு

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைத் தமிழர் நினைவில் வைத்திருப்பது ஒரே ஓர் அம்பினால். யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றருகே கிடந்த உடும்பில் போய்த் தைத்த அம்பு அது. ஆடி மாதம் மலைமேல் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடப்பதும் அதன் பொருட்டுத்தான். இன்றைய சூப்பர்ஹீரோ படங்களின் மூலதனமும் இதுவே: மனிதனால் ஆகாத செயல், அதைப் பார்க்கும் நம் வியப்பு. ஆனால் இந்த அம்பைப் பாடிய வன்பரணரின் புறநானூற்று 152ஆம் பாட்டில் அம்பு தொடக்கத்திலேயே பறந்து முடிந்துவிடுகிறது. மீதிப் பாட்டு முழுவதும் எய்தவனைப் பற்றியது. காட்டில் அவனைக் கண்ட பாணர் கூட்டம் தயங்குகிறது. கொலைத் தொழில் செய்பவனாகத் தெரியவில்லை, மார்பில் முத்தாரம் கிடக்கிறது, ஓரிதானோ என்று ஐயம். பாடுகிறார்கள். தலைவன் என்று விளித்ததுமே அவன் நாணுகிறான். மேலே பேசவிடாமல் மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான். யானையை வீழ்த்தியவன் ஒரு புகழ்மொழிக்குக் கூசி நிற்கும் அந்த இடத்தில்தான் சாகசக் கதை கவிதையாகிறது. ரசிக்கத்தக்க படத்துக்கும் மகத்தான சினிமாவுக்கும் நடுவே உள்ள தூரமும் அதுதான் என்பேன்.

அம்பு இல்லாவிட்டால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்வெல் படங்கள் கேளிக்கைப் பூங்காக்களைப் போன்றவை என்று 2019இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொன்னதை நான் முழுதாக ஏற்காததும் இதனால்தான்; வலியவனின் நாணத்துக்கே எடை உண்டு, அதற்கு வலிமையை முதலில் காட்டியாக வேண்டும். 2021இல் வந்த மலையாள சூப்பர்ஹீரோ படம் 'மின்னல் முரளி'யும் மின்னலில்தான் தொடங்குகிறது. ஆனால் மனத்தில் தங்குவது உஷாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஷிபுவின் காதல். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகம் அந்தப் படத்துக்குச் செய்ததை எந்த கிராஃபிக்ஸும் செய்திருக்க முடியாது.

பாணர் பாட்டும் பரிசுக்காகப் பாடிய விளம்பரம்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அதே ஓரியிடம் பரிசில் கிடைக்காத கழைதின் யானையார், இரப்பது இழிவு, இரந்தவனுக்கு இல்லையென்பது அதைவிட இழிவு என்று முகத்துக்கு நேரே பாடியதும் புறநானூற்றில் 204ஆம் பாட்டாக இருக்கிறது. அடுத்த பாகத்துக்கும் நாயகனைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டிய தயாரிப்பு நிறுவனம் இப்படியொரு காட்சியை அனுமதிக்காது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' நாயகனைச் சாகவிட்டதே என்றால், அந்தச் சாவே அங்கே வெற்றி, உலகம் காப்பாற்றப்பட்டுவிடுகிறது. ஓரியின் சாவு எதையும் காப்பாற்றவில்லை. மலையமான் திருமுடிக்காரி என்ற இன்னொரு தலைவன் அவனைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான் என்கிறது அகநானூறு 209. ஓரியைக் கொன்ற காரி அந்த ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320இல் கபிலர் ஓர் ஊர் அலருக்கு உவமையாக்குகிறார். அந்த உவமையில் அம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.