ஆடிக்கூழும் ஒரு பாட்டும்

கூழ் காய்ச்சும் முறையை மனையியல் வகுப்புக்கு வருமுன்பே நாம் அறிந்திருந்தோம். கீழ்ப்பிரிவில் கைதட்டிப் பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டில் அது முழுவதும் உண்டு. பயறு வறுத்துக் குத்துவது, பச்சையரிசி இடித்துத் தெள்ளுவது, தேங்காய்ப்பூப் பிழிந்து பனங்கட்டி போடுவது, கடைசியில் பலாவிலையைக் கோலிக் குடிப்பது வரை ஒன்றும் தவறவில்லை. அளவுகள் மட்டும் இல்லை. அவை அம்மாமாரின் கையில் இருந்தன.

அந்தக் குறை எமக்கு வெளித்தது 1995இல். யூலை 9ஆம் திகதி வலிகாமத்தில் படை நடவடிக்கை தொடங்கிச் சனம் இடம்பெயர்ந்தது. அன்றே புலவரின் ஊரான நவாலியில், சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த கிழமை ஆடிப்பிறப்பு. எமது வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள். "இந்த வருசம் பாட்டு வேண்டாம் பிள்ளையள், கூழ் காய்ச்சுவம்" என்றார் ரீச்சர்.

பொருளாதாரத் தடையால் சீனி அருந்தல். பனங்கட்டிக் குட்டான் கிடைத்தது. விறகடுப்பில் கிடாரம் ஏற்றினோம். பதினாறு வயதுக்காரிகள் கொட்டிய மா கட்டிபட்டது. நவாலியிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி எழும்பி வந்து அகப்பையை வாங்கினார். மாவையும் பனங்கட்டியையும் தேங்காய்ப்பாலில் கரைத்து ஒருபுறம் வைத்தார். பயறும் மாவுண்டையும் அவிந்த பின்பே அதை வார்க்க விட்டார். "துழாவிறதை நிப்பாட்டாதேங்கோ" என்றதைத் தவிர அவர் அன்று எதுவும் பேசியதாக நினைவில்லை.

சீனத்திலும் ஒரு புலவரின் நினைவு அரிசியில் தங்கியிருக்கிறது. மீலுவோ ஆற்றில் வீழ்ந்திறந்த சூ யுவானின் உடலை மீன்கள் தீண்டாதிருக்க ஊரார் ஆற்றில் சோறு எறிந்தனர் என்பது கதை. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் இலையில் பொதிந்த அரிசியை அங்கு இன்றும் அவித்து உண்கிறார்கள். அவர்களுக்கு மூங்கிலிலை, எமக்குப் பலாவிலை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தோழியருக்கு இரண்டும் இல்லை. கடதாசிக் கோப்பையும் டின் தேங்காய்ப்பாலுமாகச் சமாளிக்கிறார்கள்.

ஆச்சியின் கையைப் பார்த்து அன்று எழுதி வைத்த அளவை வீட்டுக்குக் குறைத்துத் தருகிறோம். வறுத்த அரிசிமா ஒரு சுண்டு, பயறு கால் சுண்டு, தேங்காய் ஒன்று, பனங்கட்டி 250 கிராம், மிளகும் சீரகமும் பொடித்து ஒரு சிட்டிகை. வைத்தியராக ஒரு சொல்: பனங்கட்டி சீனியல்லவே என்று நீரிழிவுள்ள தோழியர் இரண்டாம் முறை பலாவிலையை நீட்டவேண்டாம்.