கிதாரின் கழுத்து

இசைக்கருவியின் வரலாற்றை நாம் இசைஞனிடமிருந்தே தொடங்கிவிடுகிறோம். மின்கிதாரின் கழுத்தோ பட்டறையிலிருந்து தொடங்கச் சொல்கிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த கிதாரில் மேப்பிள் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. கெட்டால் கழற்றி மாற்றலாம். 1952-இல் வந்த கிப்சனின் லெஸ் பால் கிதாரிலோ மஹோகனிக் கழுத்து, பழைய மரபுப்படி, பசையால் ஒட்டப்பட்டது.

ஃபெண்டரில் அதிரும் தந்தியின் நீளம் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. ஒரே வகைத் தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், நீண்டதில் இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு மிகும். விரலுக்கு அது சற்று விறைப்பு. குட்டையானதில் தந்தியை வளைப்பது எளிது.

வாசிக்கத் தெரியாத ஒருவரின் பட்டறையில் உருவான கழுத்துக்கு வாசிப்போரின் விரல்களும் செவிகளும் பழகின. அப்பழக்கத்தையே இன்று நாம் சுவை என்கிறோம்.